பதின்மூன்று அணிகளும் ஓர் இடாப்பும்



எமது தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழின் தொன்மை பற்றியோ தாய்மொழிக் கல்வியின் இன்றியமையாமை பற்றியோ எழுதலாம் என்றே எண்ணியிருந்தோம். ஆயினும், சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் எமது வகுப்பறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று எம்மை வேறு திசைக்கு அழைத்துச் சென்றுவிட்டது. ஆதலால் இம்முறை கூடைப்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதத் துணிகின்றோம். தமிழ் மலரிலே கூடைப்பந்தா எனப் பெரியோர் முகஞ்சுளிக்க வேண்டாம். முதலில் முகஞ்சுளித்தவர்கள் நாமே. அதனால் நேர்ந்த பிழையைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் "நான் மதிக்கும் பெரியார்" என்னுந் தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதி வருமாறு கூறியிருந்தோம். பதினேழு கட்டுரைகள் வந்தன. திருவள்ளுவர், பாரதியார், தனிநாயகம் அடிகளார், அன்னை தெரேசா எனப் பலர் எழுதியிருந்தனர். தம் பாட்டனாரைப் பற்றி எழுதியோரும் இருந்தனர். ஒரேயொரு மாணவர் மாத்திரம் "இஷ் சிமித்" எனத் தலைப்பிட்டு, "இவர் பதின்மூன்று அணிகளில் விளையாடியவர்" எனத் தொடங்கியிருந்தார். எமது சிவப்புப் பேனா விரைந்து செயற்பட்டது. "தலைப்புக்குப் பொருந்தாது. ஓரிடத்தில் நிலைத்து நில்லாதவர் எவ்வாறு பெரியார் ஆவார்? மீண்டும் எழுதுக" என எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தோம்.

அம்மாணவர் அதிகம் பேசாதவர். இடைவேளையின்போது எமது மேசையருகே வந்து நின்றார்.

"சேர், நீங்கள் எத்தினை பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனீங்கள்?"

"அது வேறை விசயம் தம்பி" என்றோம்.

"நான் கனடாவுக்கு வந்து நாலு பள்ளிக்கூடம் மாறிட்டன் சேர்" என்று சொல்லிவிட்டு, தமது இருக்கைக்குப் போய்விட்டார். அதன்பின் இரண்டு சனிக்கிழமைகள் அவர் வகுப்புக்கு வரவில்லை.

நாம் வார நாட்களில் வெதுப்பகத் தொழிற்சாலையொன்றிலே இரவு வேலை செய்பவர்கள். பாண் தட்டுகள் வரிசையாக நகர்ந்து செல்லும் இயந்திரத்தின் முன்னே நின்று, அவர் கேட்ட கேள்விக்கு விடையை எண்ணத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்திலே தொண்டர் ஆசிரியராகத் தொடங்கிய பள்ளி ஒன்று. நியமனம் பெற்றுக் கிளிநொச்சி மாவட்டத்திற் கற்பித்த பள்ளிகள் இரண்டு. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து சென்ற வழியிலே தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என மரநிழற் பள்ளிகள் மூன்று. அவற்றுள் இறுதியானது இரண்டே நாட்கள் நடைபெற்றது. 2009 இல் செட்டிகுளம் முகாமிலே தறப்பாளின் கீழ் ஒன்று. இந்நாட்டுக்கு வந்தபின் ஒரு தேவாலயத்தின் நிலவறையிலும், ஒரு சனசமூக நிலையத்திலும், இப்பொழுது இப்பள்ளியிலுமாக மூன்று. ஆக மொத்தம் பத்து. "ஓரிடத்தில் நிலைத்து நில்லாதவர்" என்று எவரைக் குறித்து எழுதினோம் என்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது.

அடுத்த நாளே இஷ் சிமித் என்பவர் யாரென்று தேடிப் படிக்கலானோம். விளையாட்டைப் பற்றி எமக்கிருந்த அறிவு சொற்பம். எனினும் இக்கனடா மண்ணுக்கும் கூடைப்பந்துக்கும் உள்ள உறவு எம்மை வியப்பில் ஆழ்த்தியது. இவ்விளையாட்டை 1891 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் உருவாக்கிய ஜேம்ஸ் நெயிஸ்மித், எமது ஒன்ராறியோ மாகாணத்து அல்மொன்ரே என்னும் ஊரிற் பிறந்தவர். அவரும் ஓர் ஆசிரியரே. பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காக, பீச் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடத்துக் கிராதியில் அறைந்து அவர் இதனைத் தொடக்கினார். பின்னாளில் என்.பி.ஏ. என வழங்கும் தொழில்முறைச் சங்கம் தனது முதலாவது ஆட்டமெனக் கணக்கிடுவதும், 1946 நவம்பர் முதலாம் திகதி எமது ரொறன்ரோ நகரில் நடைபெற்ற ஆட்டத்தையே.

கூடைப்பந்தில் ஒரே வேளையில் ஓர் அணிக்கு ஐவர் ஆடுவர். அவர்களுள் ஒருவர்க்குப் "பொயின்ற் கார்ட்" என்று பெயர். பெரும்பாலும் அணியில் உயரத்திற் குறைந்தவர் இவரே. பந்தைத் தட்டிக்கொண்டு களத்தின் மறுபாதிக்குக் கொண்டு செல்வது இவர் பொறுப்பு. என்.பி.ஏ. விதிப்படி 8 விநாடிகளுக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 விநாடிகளுக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிய வேண்டும். அந்தச் சிறு பொழுதினுள் எந்த வியூகத்தில் ஆடுவது என்பதைக் குரலாலோ விரலாலோ அறிவித்து, மற்ற நால்வரையும் உரிய இடத்தில் நிறுத்தி, எவர்க்குப் பந்தைக் கொடுத்தால் புள்ளி கிடைக்குமோ அவர் கையிலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். புள்ளி எடுத்தவர்க்கே கரகோஷம் கிடைக்கும். கொடுத்தவரின் பெயர் கணக்கேட்டில் "அசிஸ்ற்" என்னும் பகுதியிற் பதிவாகும். ஆசிரியத் தொழில் செய்தோர்க்கு இவ்வேலையின் தன்மையை விளக்க வேண்டியதில்லை.

இஷ்மவேல் சிமித் 1988 ஆம் ஆண்டு வட கரோலைனா மாநிலத்தின் சார்லொட் நகரிற் பிறந்தார். உயரம் ஆறடி. நாம் நெட்டையர் என்று சொல்லும் உயரந்தான். ஆயினும் சராசரி ஏறக்குறைய ஆறரை அடியாக உள்ள என்.பி.ஏ. களத்தில் அவர் குள்ளர். ஓட்டத்தில் மிக வேகமானவர். தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்து அவரது பலம் அன்று. வேக் பொறெஸ்ற் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடிவிட்டு 2010 இல் வெளியேறினார். ஆண்டுதோறும் நடைபெறும் புதிய வீரர் தெரிவிலே அவ்வாண்டு 60 பேரின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவற்றுள் அவர் பெயர் இல்லை.

இதன் பொருளை மாணவர்கள் உணர வேண்டும். என்.பி.ஏ. இல் உள்ளவை 30 அணிகள். அணியொன்றுக்கு நிலையான ஒப்பந்தத்துடன் உள்ள இடங்கள் 15. உலகத்தின் எல்லா நாடுகளிலுமிருந்து வருவோர்க்கும் சேர்த்து இருக்கும் இடங்கள் 450 தான். அழைப்பில்லாத பந்தியில் இடம் பிடிப்பது போன்ற காரியம் அது. சிமித் அவ்வாண்டே ஹூஸ்ரன் அணியிலே இடம் பிடித்தார். ஆனால் 2011 பெப்ரவரியில் அவ்வணி அவரை மெம்பிஸ் அணிக்கு மாற்றியது. அங்கே கேட்டுக்கொண்டு மாற்றுவது வழக்கமன்று. இரு கழகங்களும் தமக்குள் பேசி முடித்துவிட்டு ஆட்டக்காரர்க்கு அறிவிக்கும். அறிவிப்பு வந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த பருவத்திலே கோல்டன் ஸ்ரேற். அதே பருவத்தில் ஓர்லாண்டோ. 2013 பெப்ரவரியில் மில்வோக்கி. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் பீனிக்ஸ். மூன்றே ஆண்டுகளில் ஆறாவது அணி!

அதன்பின் ஒக்லகோமா சிற்றி, பிலடெல்பியா, நியூ ஓர்லியன்ஸ் என்று பயணம் தொடர்ந்தது. 2015 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் திகதி, நத்தாருக்கு முதல்நாள், நியூ ஓர்லியன்ஸ் அணி அவரை மீண்டும் பிலடெல்பியாவுக்கு அனுப்பியது. அவ்வேளை பிலடெல்பியா அணியின் நிலை பரிதாபமானது. ஆடிய 31 ஆட்டங்களில் ஒன்றிலே மாத்திரம் வென்றிருந்தது. இளம் வீரர்கள் பலர் இருந்தும் அவர்களுக்குப் பந்தை உரிய நேரத்திற் கொடுப்பதற்கு ஆளில்லை. சிமித் போய்ச் சேர்ந்து டிசம்பர் 26 இல் ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவ்வணி பீனிக்ஸ் அணியை 111-104 என்ற கணக்கில் வென்றது. பருவ முடிவில் அவர்கள் வென்றவை 10, தோற்றவை 72. இதனைச் சாதனையென எவரும் ஏட்டிற் பொறிக்க மாட்டார்கள். ஆயினும் முப்பது தோல்விகளால் தலைகுனிந்திருந்த இளைஞர்களிடையே சென்று, ஒழுங்காக விளையாட முடியும் என்று காட்டுவது சிறிய பணியன்று.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வோர் அணிக்கும் ஒவ்வொரு பாஷை இருக்கிறது. ஒரே வியூகத்துக்கு ஓரிடத்தில் ஒரு பெயர், மற்றோரிடத்தில் வேறு பெயர். பருவத்தின் நடுவிலே மாற்றப்படுபவர்க்கு அவற்றை மனனஞ் செய்ய அவகாசம் கிடைப்பதில்லை. மற்ற ஆட்டக்காரர் தம் இடத்தை மாத்திரம் அறிந்தாற் போதும். பொயின்ற் கார்ட் ஐவரின் இடத்தையும் அறிய வேண்டும். இவருக்குப் பந்து நெஞ்சளவில் வர வேண்டும், அவருக்குத் தலைக்கு மேலே வர வேண்டும், இன்னொருவர் இடக்கைப் பக்கம் வந்தால் தடுமாறுவார் என்பவற்றையெல்லாம் சில நாட்களிலே கற்றுக்கொள்ள வேண்டும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று எம்மூரிற் சொல்வார்கள். பதின்மூன்று பட்டிகளில் அவ்வாறு கறந்தவர் இவர்.

2016 இல் டெற்றொயிற் அணி அவரை மூன்று ஆண்டுகளுக்கு 1 கோடியே 80 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தஞ் செய்தது. ஆறு ஆண்டு அலைச்சலின் பின் முதன்முறையாக மூன்று பருவங்கள் ஒரே ஊரில் இருந்தார். பின்னர் வோஷிங்டன். 2021 இல் தாம் பிறந்த சார்லொட் நகரத்து அணியிற் சேர்ந்தார். சொந்த ஊர் வந்தாயிற்று, இனி அலைச்சல் இல்லை என்றே அவரது சுற்றத்தார் நினைத்திருக்கக்கூடும். ஒரு பருவமும் முடியவில்லை. 2022 பெப்ரவரியில் மறுபடியும் வோஷிங்டனுக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு கோடையில் டென்வர். அது பதின்மூன்றாவது அணி. அதற்கு முன் எவரும் பன்னிரண்டு அணிகளுக்கு மேல் ஆடியதில்லை. என்.பி.ஏ. வரலாற்றிலே மிக அதிகமான அணிகளுக்கு ஆடியவர் என்னும் பெயர் அவருக்கு வந்தது. அதனைப் பெருமையென்று கொள்வதா, சிறுமையென்று கொள்வதா என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. எமது சிவப்புப் பேனா எப்படிக் கொண்டது என்பதை முன்னரே சொல்லிவிட்டோம்.

டென்வர் அணியின் முதன்மைப் பொயின்ற் கார்ட் எமது மாகாணத்துக் கிச்சினர் நகரைச் சேர்ந்த ஜமால் மறே. அணியின் தூண், சேர்பிய நாட்டு நிக்கொலா யோக்கிச். சிமித் பெரும்பாலும் களத்தின் ஓரத்து இருக்கையிலேயே இருந்தார். 2023 ஜூன் 12 ஆம் திகதி அவ்வணி மயாமி அணியை 94-89 என்ற கணக்கில் வென்று, நான்குக்கு ஒன்று என்ற வகையிலே தனது வரலாற்றின் முதலாவது என்.பி.ஏ. கிண்ணத்தைப் பெற்றது. பன்னிரண்டு அணிகளுக்கூடாக நடந்து வந்தவர் பதின்மூன்றாவது அணியில் வெற்றியாளராக நின்றார். 2023-24 பருவத்தில் மறுபடியும் சார்லொட்டிலே ஆடினார். தெரிவில் பெயர் வாசிக்கப்படாதவர் அத்துடன் ஆடிய பருவங்கள் 14.

பெற்றோர்களே, ஒன்றை ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். கோடிக்கணக்கில் ஊதியம் பெற்ற ஓர் ஆட்டக்காரரின் அலைச்சலும், உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியவர்களின் அலைச்சலும் ஒன்றல்ல. அவர் சென்ற இடமெல்லாம் அவருக்கெனச் சட்டையும் இலக்கமும் காத்திருந்தன. எமக்கு அவ்வாறு எதுவும் காத்திருக்கவில்லை. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்க நாம் விரும்பவில்லை. எனினும், இடம் மாறுவது ஒருவரின் குற்றமன்று என்பதையும், மாறிய இடத்தில் முதல் நாளே வேலையைத் தொடங்குவது ஒரு திறமை என்பதையும் அவரது வாழ்க்கையிலிருந்து எவரும் அறிந்து கொள்ளலாம்.

நாம் அதனை முன்னரே அறிந்திருந்தோம். மறந்துவிட்டோம் என்பதே உண்மை. கிளிநொச்சியிலிருந்து புறப்படும்போது நாம் எடுத்துச் சென்றவை அதிகமில்லை. ஆனால் எமது வகுப்பின் வரவு இடாப்பு துணிப்பையில் இருந்தது. தருமபுரத்திலே பாலை மரமொன்றின் கீழ் அதனைத் திறந்து பெயர் கூப்பிட்டோம். விசுவமடுவிலும் கூப்பிட்டோம். கரும்பலகை இல்லை, வெண்கட்டி இல்லை. பெயர் கூப்பிட்டவுடன் வகுப்பு உண்டாகிவிடும். அந்த இடாப்பில் முப்பத்தெட்டுப் பெயர்கள். செட்டிகுளம் முகாமிலே அதனை மீண்டும் திறந்தபொழுது குரல் கொடுத்தவர்கள் இருபத்தொருவர். மற்றவர்களுட் சிலர் வேறு முகாம்களில் இருந்தனர். சிலர் இல்லை. வழக்கப்படி வராதவர் பெயருக்கு நேரே "இடைவிலகியவர்" என்று குறிக்க வேண்டும். எமது கை அதனை எழுத மறுத்துவிட்டது. அந்த இடாப்பு இன்றும் எம்மிடம் உண்டு.

இந்நாட்டுக்கு வந்தபின் எமது ஆசிரியத் தகைமை இங்கே செல்லாது என்றார்கள். வேலைமுகவர் நிலையங்களுக்கூடாக மூன்று மாதம் ஓரிடம், ஆறு வாரம் வேறிடம் என்று தொழிற்சாலைகள் மாறினோம். வாடகைக்கு இருந்த நிலக்கீழ் அறைகளும் மாறின. யாராவது "முந்தி என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டால் "சும்மா ஒரு வேலை" என்று சொல்லப் பழகியிருந்தோம். மாறி மாறி வாழ்ந்த வாழ்க்கையை எண்ணி உள்ளூர வெட்கப்பட்டிருக்கிறோம் போலும். அந்த வெட்கந்தான் சிவப்பு மையாக மாறி, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தாளில் வடிந்திருக்கிறது.

மூன்றாவது சனிக்கிழமைக்கு முன் அம்மாணவரின் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். "வீடு மாறினதாலை வரேலாமல் போச்சு மாஸ்ரர், வேறொண்டுமில்லை" என்றார். சனிக்கிழமை மாணவர் வந்தார். வகுப்பின் முன்னே நின்று, "இவர் எழுதிய கட்டுரையை நாம் தவறாகத் திருத்திவிட்டோம்" என்று கூறினோம். இருபத்தைந்து ஆண்டு ஆசிரிய வாழ்க்கையிலே அவ்வாறு சொன்னது அதுவே முதன்முறை. பின்னர் அவரையே கட்டுரையை வாசிக்கச் செய்தோம். அதன் இறுதி வரியை அவரது அனுமதியுடன் இங்கே தருகின்றோம்: "இஷ் சிமித் புது டீமுக்குப் போனால் முதல் எல்லாருடைய பெயரையும் பாடமாக்குவார் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்வேன்." இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளிகள் வழங்கினோம். குறைத்த இரண்டும் லகர ளகர ழகரப் பிழைகளுக்காக. அதில் இரக்கம் காட்டுவதற்கில்லை.

"நான் பத்துப் பள்ளிக்கூடம் தம்பி. இன்னும் மூண்டு மாறினால் உங்கடை ஆளுக்குச் சமம்" என்று அவரிடம் சொன்னோம். அவர் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இவ்வாண்டு பள்ளி விடுமுறையுடன் அம்மாணவரின் குடும்பம் தந்தையாரின் வேலை காரணமாக மேற்கே கல்கரி நகருக்குப் போகவிருக்கிறது. அவருக்கு அது ஐந்தாவது பள்ளிக்கூடம். எமது வகுப்பு இடாப்பில் அவர் பெயருக்கு நேரே "கல்கரி" என்று மாத்திரம் எழுதுவதாக முடிவு செய்திருக்கின்றோம். அங்குள்ள தமிழ் வகுப்பின் ஆசிரியருக்கு ஒரு கடிதமும் எழுதி அவரிடம் கொடுத்திருக்கின்றோம். அதில் அவரது திறமைகளைப் பற்றி எழுதியதுடன், ழகரத்தைக் கவனிக்குமாறும் கேட்டிருக்கின்றோம்.

அன்பு மாணவர்களே! உங்களுட் பலர் வீடு மாறியிருப்பீர்கள், பள்ளி மாறியிருப்பீர்கள், இனியும் மாறுவீர்கள். புதிய வகுப்பில் முதல் நாள் எவருடனும் பேசாமல் ஓரத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாளின் நீளம் தெரியும். அத்தகைய நாளிலே ஓரத்தில் இருக்கும் வேறொரு பிள்ளையின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பெற்றோர்களே! ஊர் மாறியதும் முதற் கிழமையிலேயே பிள்ளையை அங்குள்ள தமிழ் வகுப்பிற் சேர்த்துவிடுங்கள். வீடு ஒழுங்கானபின் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். வீடு ஒழுங்காவதற்குள் ஆண்டு ஓடிவிடும். எமது சக ஆசிரியர்களே! சிவப்புப் பேனாவை எடுக்கும் முன்னர் ஒருமுறை மாணவரிடம் "ஏன் இவரை எழுதினீர்?" என்று கேட்டுவிடுங்கள்.

கட்டுரைத் தலைப்பை அடுத்த ஆண்டும் மாற்றப் போவதில்லை. எவரைப் பற்றியும் எழுதலாம். நாம் வாசிக்கக் காத்திருக்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க எம் இளஞ்சிறார்!